ஆறு வண்டியும் ஒரு வாசரும்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் தொழிலில் ஒரு வசதி உண்டு: வண்டி ஓடினால் அது நம்முடைய திறமை, நின்றால் அது வண்டியின் வயது. இந்த வசதியை நம்பித்தான் ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில், நாலு தகரத்தைச் சாய்த்து ஒரு ஒர்க்‌ஷாப் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனியில் கிளீனராக இருந்தேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்து, இரும்பைப் பற்றித் தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஒரு நினைப்பு வந்திருந்தது.

அப்போது எங்கள் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு தேறும். பெரும்பாலும் பட்டாளத்தில் உழைத்துக் களைத்து, ஏலத்தில் விலைபோய், கைமாறிக் கைமாறி நம் பக்கம் வந்து சேர்ந்த கிழங்கள். அதில் ஆறு என் பொறுப்பில் இருந்தன. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும், ஆனால் இன்ஜினுக்கு வந்து சேராது. நடுரோட்டில் உதைத்து உதைத்து முழங்கால் கழன்று, கடைசியில் வண்டியைத் திட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி. பஸ்ஸில் போய்ப் பிழைத்துக்கொண்ட புத்திசாலிகள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வயலில் விழுந்த ஜெட்

ஹைஸ்கூல் டிரில் மாஸ்டரின் வண்டி இலஞ்சிப் பக்கம் நின்றுவிட்டதாக ஒரு பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். ஆனி மாதம், நல்ல சாரல். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். மாஸ்டர் மாணவர்களை நிறுத்துவது போல வண்டியை ரோட்டோரம் விறைப்பாக நிறுத்திவைத்துவிட்டு நனைந்துகொண்டிருந்தார். கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். டேங்க் மூடியில் குண்டூசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். அந்த வழியாகச் சாரல் உள்ளே இறங்கியிருக்கிறது. நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில், ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். பெட்ரோல் போகும் அளவு துளையிட்ட, சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைத் திருகு அது. ஊதிய ஊதலில் கைநழுவி, பக்கத்து வயல் சேற்றில் போய் விழுந்தது.

நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் மாஸ்டரும் வேட்டியையும் கால்சட்டையையும் மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கித் துழாவினோம். நட்ட நாற்றைத்தான் பிடுங்கிப் போட்டோமே தவிர ஜெட் கிடைக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஒரு அம்மாள் வந்து, ஒரே தடவை குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்த மூக்குத்தித் திருகாணிக்காவா இம்புட்டுப் பெரிய வண்டியும் நின்னு, ரெண்டு ஆம்பளையளும் வயக்காட்டுல எறங்குனீய?"

ஒரு சொட்டுகூடப் போகாது

அன்றைக்கு இரவே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. சாரல் சீசன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் ஒரு வண்டி தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் நான் சைக்கிள் மிதித்தே செத்துப்போவேன். தண்ணீர் போகிற துளையை அடைத்துவிட்டால்? ஒரு பழைய லாரி டியூபை எடுத்து, மூடியின் உள்ளளவுக்கு வட்டமாக ஒரு வாசர் வெட்டி, மூடிக்குள் இறுக்கமாகப் பொருத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. மறுநாளே ஆறு வண்டிக்கும் ஆளுக்கொரு வாசர் வெட்டிப் போட்டேன், இலவசமாக. டேங்க்குக்கு வேட்டி கட்டிவிட்டது போல அவ்வளவு திருப்தி.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். சிரியுங்கள். டேங்க்கில் இருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வருகிற வழி அந்தக் குண்டூசித் துளைதான். வழியை அடைத்தால் மூணு நாலு மைலில் பெட்ரோல் இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு இதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்துச் சைக்கிள் கடைச் சுப்பையாவிடம் ஒரு மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயை வைத்து ஊதியும் பார்த்துவிட்டு, மனசாரப் பாராட்டினான்: "அடேயப்பா! தண்ணி என்ன வே, காத்துகூட உள்ள போவாது!"

மூன்றாம் தடவை

டாக்டரின் வண்டியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அவர் தென்காசியில் இருந்துகொண்டு சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் வண்டியிலேயே போய் வைத்தியம் பார்த்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், முன்கோபி, ஆனால் நியாயஸ்தர். அவர் எந்தக் கடையில் வண்டியை விடுகிறாரோ அந்தக் கடையில்தான் மற்றவர்களும் விடுவார்கள். அவர் என்னை விட்டுப் போனால் மீதி ஐந்தும் பின்னாலேயே போய்விடும், நான் மறுபடியும் பஸ்ஸுக்கு அடியில் படுக்கவேண்டியதுதான். அவர் வண்டிதான் அந்த வாரம் முதலில் நின்றது, நாலாவது மைலில். இருமி, விக்கி, பைய உயிரை விட்டதாம். பத்து நிமிஷம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியதாம்.

கார்பரேட்டரைக் கழற்றி, கழுவி, ஊதி, மாட்டினேன். லெவல் கிராசிங் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். குதிரை போல ஓடியது. லெவல் கிராசிங் அரை மைல் தூரம்கூட இல்லை என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. நாலு நாள் கழித்து மறுபடியும் நின்றது. பெட்ரோல் குழாயின் சல்லடையை மாற்றினேன். லெவல் கிராசிங் வரை மறுபடியும் குதிரை. மூன்றாம் தடவை வண்டியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டாண்டு போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "ஒரே சீக்காளி மூணாந்தடவ அதே சீக்கோட வந்தா, வேற டாக்டரப் பாருங்கன்னு நானே சொல்லிருவேன் வேய். நீரு எப்ப சொல்லப்போறீரு?"

பங்க்கில் போட்ட சண்டை

இதற்குள் மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த மைதீன் பாய் ஒரு மூட்டை கத்தரிக்காயோடு நடுவழியில் நின்றார். டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வந்து, பிள்ளைகள் முன்னால் தாமத வரிசையில் நின்றதாகக் கேள்வி. ஆறு வண்டிக்கும் ஒரே நோய். அப்படியென்றால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். இதுவரைக்கும் சரியாகத்தான் யோசித்திருக்கிறேன், பாருங்கள். ஆறுக்கும் பொதுவாக இருப்பது பெட்ரோல். எனவே பங்க்காரர் மண்ணெண்ணெய் கலக்கிறார்.

பங்க்குக்குப் போய் நாலு பேர் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டேவிட்டேன். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லும், கலக்குதீரா இல்லையா?" என்று. பங்க்காரர் பெரியவர், நிதானஸ்தர். ஒரு காருக்குப் பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமல், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நம்ம பெட்ரோல அடிச்ச டாக்ஸி ஓடுது, காரு ஓடுது. நின்னது பூராவும் நீரு கைவச்ச வண்டி. இப்ப யாரு நெஞ்சத் தொட்டுச் சொல்லணும்?"

சுந்தரபாண்டியபுரத்துக்குப் போகிற வழியில்

அத்தனை பேர் சிரித்தும் எனக்கு உறைக்கவில்லை. "அடுத்த தடவை நீங்க போறப்ப நானும் பின்னால ஏறிக்கிடுதேன் டாக்டரய்யா, நிக்கிற இடத்துலயே பிடிச்சிருதேன்" என்று டாக்டரிடம் கெஞ்சினேன். இரண்டு நாளில் அழைப்பு வந்தது. சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பிரசவ கேஸ். முந்தின நாள் ராத்திரியில் இருந்து வலி, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், உடனே வரவேண்டும் என்று புருஷன் ஆள் அனுப்பியிருந்தான். வழியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டார். டேங்க் நிரம்ப நிரம்ப உள்ளே காற்றுக்கு இடம் குறைச்சல். அதனால் வழக்கமாக நாலாவது மைலில் நிற்கிற வண்டி அன்றைக்கு இரண்டாவது மைலிலேயே நின்றது.

இறங்கியதும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த உஸ்தான் விடை. உள்ளே காற்றுப் போய்விட்டது. அப்போதே ஒரு உதை உதைத்திருந்தால் வண்டி கிளம்பியிருக்கும். கடையிலும் இத்தனை நாளாக அதுதான் நடந்திருக்கிறது: மூடியைத் திறந்து பார்ப்பேன், நோய் போய்விடும், பிறகு ஒரு மணி நேரம் கார்பரேட்டரைக் கழுவிவிட்டு நான் குணப்படுத்தியதாக நினைத்துக்கொள்வேன். ஆனால் மெக்கானிக் என்கிறவன் உதைப்பானா? மூடியை இறுக்கி மூடிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார். அந்த வழியாக வந்த ஒருவரின் சைக்கிள் கேரியரில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கால் தரையில் இழுபட இழுபடப் போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

வண்டியைக் கூட்டிக் கிளப்பி நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. டாக்டர் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. டாக்டர் ஊசி போட்டு, கூடவே உட்கார்ந்து, ஒருவழியாக நிறுத்தியிருக்கிறார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "பிழைச்சுக்கிடுவா" என்று மட்டும் சொன்னார். நான் வாசல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் புருஷன், இருபத்திரண்டு வயதிருக்கும், எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டு வந்தான். என் கையிலும் நாலு கற்கண்டை வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: "புள்ள ஒங்க வண்டிக்காவக் காத்துக்கிட்டு இருக்கல அண்ணாச்சி. ஆனா அவ காத்துக்கிட்டு இருந்தா."

எண்ணெய் டின்

வருகிற திங்கட்கிழமை வண்டியை லாரியில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பப்போவதாக டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் நினைப்புத்தான் சோறு இறங்கவிடாமல் பண்ணியது. "பெட்ரோல் சூடு தலைக்கு ஏறிட்டு வே, கோட்டி பிடிச்சிரும். போயி எண்ணெய் தேச்சுக் குளி" என்று சுப்பையா என்னைப் பிடித்துத் தள்ளிக் குற்றாலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். மெயின் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவரிடம் போய், துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தேன். ஒரு கையும் பாதி முதுகும் தேய்த்த நிலையில் அவர் கிண்ணத்தில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. புது டின்னை எடுத்து, மூலையில் ஆணியை வைத்து ஒரு அடி அடித்து ஓட்டை போட்டுக் கவிழ்த்தார். இரண்டு மடக்கு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

இருமி, விக்கி, நின்றுவிட்டது. எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. "ஓட்டை சின்னதுபோல" என்றேன், நிபுணன் மாதிரி. அவர் டின்னை நிமிர்த்தி எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டார். எண்ணெய் கயிறு மாதிரி இறங்கியது. "ரெண்டாவது ஓட்டை எதுக்கு?" என்று கேட்டேன். "காத்து உள்ள போனாத்தானய்யா எண்ணெய் வெளிய வரும். இது பச்சப்பிள்ளைக்குத் தெரியுமே" என்றார். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். டேங்க் மூடி, குண்டூசித் துளை, உஸ் சத்தம், லாரி டியூப், ஆறு வட்டம், என் கத்திரிக்கோல், எல்லாம் வரிசையாக வந்தன. அருவியில் குளிக்க வந்த ஜனம் பார்க்க, துண்டோடு எழுந்து பஸ்ஸை நோக்கி ஓட ஆரம்பித்தேன். பின்னால் அவர் எண்ணெய்க் கையை நீட்டிக்கொண்டு கத்தினார்: "ஏய்யா, எங்கன ஓடுதீரு? இன்னும் பாதி முதுகு பாக்கி இருக்குலா!"

ஆறாவது வாசர்

சாயங்காலத்துக்குள் ஐந்து வண்டியில் இருந்து வாசரை உருவிவிட்டேன். ஒளிவு மறைவாகத்தான். "கொஞ்சம் மூடியைத் துடைச்சுக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் நெம்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாரலுக்கு மூடிமேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு வண்டியும் நிற்கவில்லை. யாரும் என்ன கோளாறு என்று கேட்கவும் இல்லை. ஓடினால் போதும் என்கிற நல்ல மனிதர்கள். மைதீன் பாய் ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்தனுப்பி, கைராசிக்காரன் என்று மண்டியில் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கத்தரிக்காய் நன்றாகவும் இருந்தது.

டாக்டர் வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. வாசரை எடுத்துவிட்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க டாக்டரய்யா, லெவல் கிராசிங் வேண்டாம், சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் போங்க" என்றேன். போய், அந்தத் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, நிற்காமல் திரும்பி வந்தார். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். வண்டியை விட்டு இறங்கும்போதே, மற்ற ஐந்து பேரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "என்ன சீக்கு?" ஜெட் என்று சொல்லியிருக்கலாம், சல்லடை என்று சொல்லியிருக்கலாம், அவர் இன்ஜினுக்குள் போய்ப் பார்க்கப்போவதில்லை. வாயில் வரவில்லை. பையில் இருந்த ஆறு ரப்பர் வட்டத்தையும் எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். நான்தான் வெட்டினேன் என்றேன். எண்ணெய் டின் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பெண்பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.

அவர் ஒரு வாசரை எடுத்து, அதன் வழியாக ஜன்னலைப் பார்ப்பது போலப் பிடித்தார். அதில்தான் துளையே இல்லையே. லாரிக்காரருக்கு வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சீக்கையும் நீரே குடுத்து, வைத்தியமும் நீரே பாத்து, அஞ்சு பேர்ட்ட கைராசிக்காரன்னு பேரும் வாங்கிட்டீரு. வழி தப்பி இந்தத் தொழிலுக்கு வந்துட்டீரு வேய், எங்க பக்கம்லா வந்திருக்கணும்!"

அன்றிலிருந்து எந்த வண்டி எங்கே நின்றாலும், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அதில் கடைசியாகக் கை வைத்த மடையன் நான்தானா என்று பார்த்துக்கொள்கிறேன்.